பட்டியலில் இல்லாத எழுத்து

சீன தேசத்தில் 1998 முதல் 2003 வரை பிரதம மந்திரியாக வீற்றிருந்து அந்நாட்டின் பொருளாதாரத்தைப் பலவகையாலும் திருத்தியமைத்த ஜு ரோங்ஜியின் பெயரை, அத்தேசத்துக் கணினிகளில் பலவற்றால் பிழையின்றி எழுத முடியாதிருந்தது என்று சொன்னால், நம்மவர்களுக்கு எளிதில் நம்பிக்கை பிறவாது. அவருடைய பெயரின் நடுவில் நிற்கும் எழுத்து, உலோகத்தைக் குறிக்கும் உறுப்பை இடப்பக்கத்தில் கொண்டது. 1980ஆம் ஆண்டில் சீன அரசு கணினிகளுக்கென்று வகுத்த எழுத்துப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. உலோகம் நிற்கும் இடத்தில் நெருப்பு நிற்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மட்டுமே இடம்பெற்றிருந்தது. ஆகவே அச்சிடுவோரில் சிலர் நெருப்பெழுத்தையே இட்டுத் திருப்தி அடைந்தனர். பிழைக்கு அஞ்சிய வேறு சிலர், எழுத்தின் இடப்பாதியையும் வலப்பாதியையும் இரண்டு தனி எழுத்துக்களாக அடித்து, அவற்றை நெருக்கி ஒட்டவைத்து ஒருவாறு ஒப்பேற்றினர்.

கடலுக்கு அப்பால் தைவானிலும் இதே கதைதான். அங்கே 2002 முதல் 2005 வரை பிரதமராக இருந்த யூ ஷி-குன் அவர்களுடைய பெயரின் கடைசி எழுத்து, சதுரம் என்று பொருள்படும் எழுத்து இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, அவற்றின் கீழே மண்ணைக் குறிக்கும் எழுத்தை இட்டால் உண்டாவது. தைவானில் 1984 முதல் வழங்கிவந்த 'பிக் ஃபைவ்' என்னும் பட்டியலில் 13,053 எழுத்துக்கள் இருந்தும் இந்த ஒன்று இல்லை. பத்திரிகைகளும் பொதுமக்களும் அதைச் 'சதுரம் சதுரம் மண்' என்று மூன்றாகப் பிரித்தெழுத, நாளடைவில் அதுவே அவருக்கு ஒரு பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது.

பிரதம மந்திரிகளுக்காவது பெயரைச் சரிசெய்து தருவதற்கு ஆளும் அம்பும் உண்டு; பத்திராதிபர்களும் சிரமம் எடுத்துக்கொள்வார்கள். அதே குறை ஒரு மலைக்கிராமத்துக் குடியானவனுக்கோ, வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்ற ஒரு மாணவிக்கோ நேரும்போது, குறையைத் தீர்க்கும் பொறுப்பு அவர்கள் தலையிலேயே விழுகிறது. 'பெயரை மாற்றிக்கொண்டு வா' என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் பதில். யந்திரம் ஒருவருடைய பெயரைக் காட்ட மாட்டாதபோது திருத்தப்பட வேண்டியது யந்திரம்தான் என்பதும், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓரளவு ஏற்கத்தக்கதாயிருந்த சமாதானங்கள் இன்று ஒரு சிறிதும் ஏற்கத்தக்கனவல்ல என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம். இதை விளக்குவதற்கு, குறை எங்கே பிறக்கிறது என்பதைச் சிறிது நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம்முடைய லிபி, ஒலிகளைக் குறிக்கும் சில அடையாளங்களைக் கொண்டு எத்தனை சொற்களையும் எழுதிவிடக் கூடியது. சீன லிபியோ ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லசைக்கும் ஒவ்வோர் எழுத்தைப் படைத்துக்கொண்டே வந்தது. காங்ஸி சக்கரவர்த்தியின் ஆணையால் 1716இல் நிறைவெய்திய பேரகராதி ஏறத்தாழ 47,000 எழுத்துக்களைத் தொகுத்துவைத்தது. அவற்றுள் பெரும்பகுதி, ஏதோ ஒரு பழைய நூலில் ஒருமுறை தலைகாட்டியவையும், ஒரே எழுத்தின் பல வடிவங்களும், ஓர் ஊரின் பெயருக்கோ ஒரு குலத்தின் பெயருக்கோ மட்டும் பயன்பட்டவையும் ஆகும். 1980ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றவை 6,763. அவற்றுள்ளும் 3,755 எழுத்துக்களே முதல் வரிசையில் வைக்கப்பட்டவை. கணினியின் நினைவகம் பொன்விலை விற்ற காலம் அது. அன்றாட எழுத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பங்கை அந்த 6,763 எழுத்துக்கள் நிறைவேற்றிவிடும் என்று கணக்கிட்டு அவற்றைத் தேர்ந்தெடுத்த பண்டிதர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அவர்கள் கணக்கிட்டது அச்சிட்ட வாக்கியங்களை; மனிதர்களின் பெயர்களை அன்று. ஒரு தேசத்தின் பத்திரிகைகள் அனைத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கும் வராத எழுத்து, அதைப் பெயரில் உடையவனுக்கு நாள்தோறும் வரும் எழுத்தாகும்.

ஜு ரோங்ஜியின் எழுத்து விடுபட்ட வரலாறு இதனினும் விசித்திரமானது. 1955இல் எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாக 'வேற்று வடிவங்கள்' என்று ஒதுக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் அதை உடையவர் துணைப் பிரதமராக இருந்தபோது, 1993இல், ஆட்பெயரில் அவ்வெழுத்தை வழங்கலாம் என்று மொழிக்குழு அனுமதி அளித்தது. அனுமதி காகிதத்தில் வந்தது. அலுவலகங்களின் யந்திரங்களிலோ 1980ஆம் ஆண்டுப் பட்டியலே வீற்றிருந்தது. காகிதத்துச் சட்டத்துக்கும் யந்திரத்துச் சட்டத்துக்கும் முரண் நேர்ந்தால் வெல்வது இரண்டாவதே என்பதை நம் காலம் இவ்வாறு கற்றுக்கொண்டது.

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இத்தகைய இடர்ப்பாடு இல்லையோ என்றால், இருந்தது. ஆனால் அதைத் தீர்க்கும் வழி அச்சகத்துக்குள்ளேயே இருந்தது. பெட்டியில் இல்லாத எழுத்து வந்துவிட்டால், கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் மரத்திலோ ஈயத்திலோ அதைப் புதிதாகச் செதுக்கித் தருவார். அது வரும்வரையில் கோப்பாளர் வேறு ஏதேனும் ஓர் அச்சைத் தலைகீழாகச் செருகிவைப்பார். மெய்ப்புத்தாளில் அந்த இடத்தில் அச்சின் அடிப்பாகம் பதிந்து இரண்டு தடித்த கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஜப்பானியர் தங்கள் மரச்செருப்பு மண்ணில் பதிக்கும் தடத்தை அதில் கண்டு, அச்செருப்பின் பெயரான 'கெத்தா' என்பதையே அந்தக் குறிக்கும் இட்டனர். 'இங்கே ஓர் எழுத்து வரவேண்டும்; இன்னும் வரவில்லை' என்று அது உரக்கச் சொல்லும். அச்சாவதற்கு முன் தீர்க்க வேண்டிய கடன் என்பது கோப்பாளருக்கும் தெரியும், மெய்ப்புத் திருத்துபவருக்கும் தெரியும். கணினிப் பட்டியல் வகுத்த ஜப்பானியர், அந்தக் கெத்தாக் குறிக்கும் ஓர் இடம் ஒதுக்கி அதையும் ஓர் எழுத்தாகவே சேர்த்துவிட்டார்கள். கடனை நினைவூட்டும் குறி பட்டியலில் ஏறியது. கடனைத் தீர்க்கும் செதுக்குத் தொழிலாளி மறைந்துபோனார்.

இன்று ஒரு திரையில் ஒரு சீனப் பெயர் சிதைந்து தோன்றுமானால், அங்கே தோன்றுவது வெற்றுக் கட்டமா, கேள்விக்குறியா, அல்லது சம்பந்தமே இல்லாத வேறோர் எழுத்தா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே தொல்லையாகத் தோன்றினும், இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

வெற்றுக் கட்டம் தோன்றினால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. எழுத்துக்குரிய குறியெண் கோப்பில் பழுதின்றி இருக்கிறது. அதை வரைந்து காட்டும் எழுத்துருதான் அந்தக் கணினியில் இல்லை என்பதே அதன் பொருள். உலகத்து லிபிகள் அனைத்துக்கும் குறியெண் வழங்கும் ஒருங்குறி என்னும் ஏற்பாட்டில் சீன எழுத்துக்களின் தொகை இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால், ஓர் எழுத்துருக் கோப்பில் அடங்கக்கூடிய வடிவங்களின் உச்ச எல்லை 65,535. ஆகவே எவ்வளவு பெரிய நிறுவனம் முயன்றாலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைப்பது இயலாது. இரண்டு மூன்று கோப்புகளை நிறுவி, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் தேடுமாறு கணினியைப் பழக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் அரிய எழுத்துக்களுக்கென்றே 'சிம்சுன்-எக்ஸ்ட்பி' என்ற தனிக் கோப்பு வைத்திருப்பது இதனால்தான். ஆண்ட்ரூ வெஸ்ட் என்பார் 'பேபல்ஸ்டோன் ஹான்' என்ற எழுத்துருவை வகுத்து இலவசமாகவே அளித்திருக்கிறார். ஜப்பானில் கமிச்சி கோய்ச்சி என்பார் தொடங்கிய 'கிளிஃப்விக்கி' என்னும் கூட்டு முயற்சியில் பலரும் வரைந்து சேர்த்த வடிவங்களிலிருந்து 'ஹனாசோனோ' எழுத்துரு பிறந்தது. அதுவும் இரண்டு கோப்பாகவே கிடைக்கிறது. இவற்றுள் ஒன்றைத் தேடி நிறுவினால், கட்டம் இருந்த இடத்தில் எழுத்து வந்து நிற்கும். பட்டா எண் கிடைத்துவிட்டதனால் மட்டும் மனையில் வீடு எழும்பிவிடாதல்லவா? எண்ணுக்கு மேல் வடிவத்தையும் ஒருவர் கட்டித் தந்தாக வேண்டும்; அதைக் கட்டித் தந்தவர்களுள் ஊதியம் கருதாத தனிமனிதர்கள் இத்தனை பேர் இருப்பது, பெரும் பொருளுடைய ஸ்தாபனங்களுக்குச் சிறிது வெட்கம் தரவேண்டிய செய்தி.

கேள்விக்குறி தோன்றினால் விஷயம் வேறு. அங்கே எழுத்து இறந்துவிட்டது. எந்த எழுத்துருவை நிறுவினாலும் அது மீளாது. ஒருங்குறியை முதலில் வகுத்தவர்கள் 65,536 இடங்களுக்குள் உலகமெல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணினார்கள். சீன எழுத்துக்கள் முதல் தவணையில் 20,902 வந்தன. 1999இல் 6,582 சேர்ந்தன. 2001இல் ஒரே மூச்சில் 42,711 வந்தபோது அவற்றுக்குப் பழைய எல்லைக்குள் இடமில்லை. எல்லைக்கு அப்பால் புதிய மனைகள் வகுக்கப்பட்டன. அரிய பெயரெழுத்துக்களில் பல குடியேறியது அந்த அப்பாலை நிலத்தில்தான். ஆனால் அதற்கு முன்பு எழுதப்பட்ட மென்பொருள்களும், பின்பு எழுதப்பட்டும் சோம்பலால் பழைய எல்லையையே நம்பிய மென்பொருள்களும், எல்லை கடந்து வரும் எழுத்தைக் கண்டால் திகைத்துப்போய்க் கேள்விக்குறியை இட்டுவிடும், இல்லையேல் எழுத்தை அடியோடு தொலைத்துவிடும். உலகெங்கும் வழங்கும் 'மைஎஸ்கியூஎல்' என்னும் தரவுத்தளம், 2010இல் திருத்தம் வரும்வரை, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் இடம் தராமலிருந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள எழுத்துக்களுக்கோ நான்கு வேண்டும். விளைவு என்ன? கண்டிப்பில்லாத அமைப்பில், அந்த எழுத்தையும் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, முன்னால் உள்ளதை மட்டும் சேமித்துவைக்கும். குலப்பெயரோடு நின்றுபோன மனிதர் ஒருவர் பதிவேட்டில் உண்டாகிவிடுவார். அவருக்கு முன்பெயரே இல்லாததுபோல் இருக்கும். திருத்தம் வந்த பிறகும், புதிய முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளாத பழைய பதிவேடுகள் பழையபடியே இயங்கின. ஓர் அலுவலகத்து உத்தியோகஸ்தர் 'கணினி ஏற்கவில்லை' என்று கையை விரிக்கும்போது, அவர் சுட்டுவது பெரும்பாலும் இத்தகைய ஓர் அமைப்பையே. அதை மாற்றும் வேலை தேர்ந்த ஒருவருக்குச் சிறியது, கேட்கத் துணிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதே குறை.

மூன்றாவது நோய் மிகவும் சூழ்ச்சியானது. ஒருங்குறியின் பழைய எல்லைக்குள் 6,400 இடங்கள், 'உங்கள் சொந்த உபயோகத்துக்கு' என்று வெறுமையாக விடப்பட்டுள்ளன. பட்டியலில் இல்லாத எழுத்து வந்தபோதெல்லாம், அலுவலகங்கள் அதைத் தாமே வரைந்து அந்த இடங்களில் ஒன்றில் இருத்திக்கொண்டன. தங்கள் சுவருக்குள் எல்லாம் சுகமாகவே நடந்தது. ஆனால் அதே இடத்தில் காவல்துறை ஓர் எழுத்தையும், வங்கி வேறோர் எழுத்தையும், ஆஸ்பத்திரி மூன்றாவது ஒன்றையும் வைத்திருக்கும். பதிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது, மனிதர் பெயர் மாறி வேறொருவராகி விடுவார். இதை யந்திரமும் அறியாது, உத்தியோகஸ்தரும் அறியார். கட்டம் தன் குறையைத் தானே ஒப்புக்கொள்கிறது; தவறான எழுத்தோ அழகாக நின்று பொய் சொல்கிறது. ஆகவே, அவசரத்துக்கு உதவும் இந்தச் சொந்த எழுத்து முறையை, மூன்றினுள்ளும் தீமை மிகுந்ததாகவே நான் கருதுகிறேன்.

இவற்றால் மனிதர்களுக்கு விளைந்தது என்ன? சீனத்தில் இரண்டாம் தலைமுறை அடையாள அட்டைகள் 2004 முதல் வழங்கத் தொடங்கியபோது, கையால் எழுதிக்கொண்டிருந்த பெயர்கள் எல்லாம் கணினி வழியாகச் செல்ல வேண்டியதாயிற்று. யுன்னான் மாகாணத்து மலைகளில் வாழும் லீசு இனத்தவருள் 'நியா' என்னும் குலப்பெயருடைய குடும்பங்கள் உண்டு. பறவையைத் தங்கள் குலக்குறியாகக் கொண்ட அவர்கள், பறவையைக் குறிக்கும் சீன எழுத்தைச் சிறிது மாற்றித் தங்கள் பெயருக்கென வைத்துக்கொண்டிருந்தார்கள். கணினியில் அவ்வெழுத்து இல்லாமையால் அவர்களுள் பலர், வாத்தைக் குறிக்கும் 'யா' என்னும் எழுத்தைப் பெயராக ஏற்க வேண்டிவந்தது. முன்னோரை நினைத்து ஒரு பறவையின் பெயரைத் தாங்கியவர்களுக்குக் கறிக்கடையில் தொங்கும் பறவையின் பெயரைக் கொடுத்த யந்திரத்தின் அறியாமையை என்னென்பது! பெயரை மாற்றாதவர்களின் நிலையும் நன்றாயிருக்கவில்லை. ஓரிடத்தில் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுவார்கள். ஓரிடத்தில் நட்சத்திரக் குறி இடுவார்கள். மற்றோரிடத்தில் ஒத்த ஒலியுடைய வேறோர் எழுத்தை இடுவார்கள். அட்டையிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் வேறுபடவே, இருவரும் ஒருவர்தான் என்று மூன்றாவது ஓர் அலுவலகத்திலிருந்து சான்று வாங்கிவர வேண்டும்.

இதற்கு நேர்மாறான விந்தை ஒன்று ஜப்பானில் நிகழ்ந்தது. 1978இல் அந்நாடு தன் கணினிப் பட்டியலை வகுத்தபோது, ஊர்ப்பெயர்த் தொகுதிகளையெல்லாம் அலசி எழுத்துக்களைத் திரட்டினார்கள். ஷிகா மாகாணத்தில் அகென்பரா என்றோர் ஊர்; அதன் பெயரில் வரும் ஓர் எழுத்து, மலையைக் குறிக்கும் எழுத்தைப் பெண்ணைக் குறிக்கும் எழுத்தின் மேல் வைத்தால் உண்டாவது. அச்சில் அவ்வெழுத்து இல்லாமையால், யாரோ ஒருவர் மலையையும் பெண்ணையும் தனித்தனியே கத்தரித்து ஒட்டியிருக்கிறார். ஒட்டிய காகிதத்தின் விளிம்பு நிழலாகப் படிந்து ஒரு கோடுபோல் தோன்ற, பட்டியல் வகுத்தவர்கள் அந்த நிழலையும் எழுத்தின் ஓர் உறுப்பென்றே கொண்டு, மலை, கோடு, பெண் என்று மூன்றடுக்கான புதிய எழுத்து ஒன்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். 1997இல் பட்டியலைத் திருத்த முனைந்த குழுவினர், மூலத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி இந்த உண்மையைக் கண்டுபிடித்தனர். இவ்வாறு எந்த நூலிலும் எந்த மனிதராலும் எழுதப்படாத எழுத்துக்கள் சில அப்பட்டியலில் இருந்தன. 'பேய் எழுத்துக்கள்' என்று அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அவற்றுள் ஒன்றுக்கு இன்றளவும் மூலம் அகப்படவில்லை. பேய்களுக்கெல்லாம் உலகத்துக் கணினிகள் அனைத்திலும் தொடக்கம் முதலே நிலையான இடம் கிடைத்துவிட்டது. உண்மையான அகென்பரா எழுத்தோ 2001ஆம் ஆண்டுவரை ஒருங்குறியின் வாசலில் காத்திருந்தது. பட்டியலில் இருப்பதனால் மட்டும் ஓர் எழுத்து உண்மையாகிவிடாது, இல்லாததனால் பொய்யாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமோ?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மதித்தே பேச வேண்டும். பிறர் வாயில் நுழையாத, கண்ணிலும் பட்டிராத எழுத்தை அகராதியின் மூலையிலிருந்து தேடியெடுத்துக் குழந்தைக்குச் சூட்டும் பெற்றோர் சீனத்தில் பெருகிவருகின்றனர். அவர்களுடைய ஆசைக்கெல்லாம் அரசு பணம் செலவழித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அரசிகளும் அரசர்களும் இந்த ஆசைக்கு விலக்கல்லர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வூ சக்கரவர்த்தினி, சூரியனையும் சந்திரனையும் ஆகாயத்துக்கு மேல் வைத்துத் தன் பெயருக்கென்றே ஓர் எழுத்தைப் படைத்துக்கொண்டாள். பத்தாம் நூற்றாண்டில் தென் ஹான் நாட்டு மன்னன் ஒருவன், வானத்தின் மேல் பறவைநாகத்தை ஏற்றி மற்றொன்றைப் படைத்துக்கொண்டான். இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இன்னின்ன எழுத்துக்களுக்குள் பெயரிடுக என்று வரம்பு கட்டுவதை நான் அநியாயம் என்று சொல்லவில்லை. ஜப்பானில் அத்தகைய வரம்பு நெடுங்காலமாக இருந்துவருகிறது. சீனமும் 2013இல் 8,105 எழுத்துக்களைக் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டு, அதில் முன்பு ஒதுக்கப்பட்ட 45 எழுத்துக்களுக்கு மறுவாழ்வும் அளித்தது. ஆனால் வரம்பு வருமுன் பெயர் பெற்றவர்களையும், பல தலைமுறைகளாக ஒரு குலப்பெயரைச் சுமந்து வருகிறவர்களையும் இந்த வாதத்துக்குள் இழுப்பது தர்மமன்று. ஜப்பானிய அரசே அவர்களை இழுக்கவில்லை. குடிப்பதிவேடுகளில் உள்ள வடிவங்களைத் திரட்டி, ஏறத்தாழ 60,000 வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்றைச் செய்வித்து, எவரும் எடுத்தாளும்படி இலவசமாக விட்டிருக்கிறது.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் முன்மாதிரி, அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து வந்ததன்று. பௌத்த நூல்களைக் கணினியில் ஏற்றியவர்களிடமிருந்து வந்தது. 1998இல் தைவானில் தொடங்கிய 'சிபீட்டா' என்னும் சங்கத்தார், 1924 முதல் 1934 வரை டோக்கியோவில் பதிப்பிக்கப்பெற்ற சீனத் திரிபிடகத் தொகுதியை எழுத்துப் பிசகாமல் கணினிக்குக் கொண்டுவர முற்பட்டனர். அதில் பட்டியலில் இல்லாத எழுத்துக்கள் ஏராளம். அவற்றுள் ஒரு பகுதி நம் நாட்டோடு நேரே உறவுடையது. வடமொழி மந்திரங்களைப் பொருள் பெயர்க்காமல் ஒலி பிசகாது சீனத்தில் எழுத விரும்பிய மொழிபெயர்ப்பாளர்கள், வழக்கிலிருந்த ஓர் எழுத்தின் இடப்புறத்தில் வாயைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்து, 'இதை ஒலியாக மட்டும் கொள்க' என்று உணர்த்தும் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். காஞ்சியோடு தொடர்புடையவர் என்று வரலாறு கூறும் வச்சிரபோதி, தென்னாட்டிலிருந்து கடல்வழியே எட்டாம் நூற்றாண்டில் சீனம் சென்று இத்தகைய மந்திர நூல்களைப் பெயர்த்த ஆசிரியர்களுள் ஒருவர். அயல்மொழி ஒலிக்காகக் கிரந்த எழுத்துக்களை அருகில் வைத்துக்கொண்ட நமக்கு அந்தத் தேவை புரியாததன்று.

இந்த எழுத்துக்களை அச்சங்கத்தார் தங்கள் சொந்த இடங்களில் ஒளித்துவைக்கவில்லை. படமாக ஒட்டிவிட்டுக் கைகழுவவும் இல்லை. எழுத்தை அதன் உறுப்புகளால் வருணித்தனர். இரண்டு உறுப்புகள் பக்கத்தில் பக்கமாக நின்றால் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. மேலும் கீழுமாக நின்றால் ஒரு சாய்கோடு. ஒன்றை ஒன்று சூழ்ந்து நின்றால் அதற்கு வேறொரு குறி. ஓர் எழுத்திலிருந்து ஓர் உறுப்பை நீக்கிக் காண வேண்டுமானால் ஒரு கழித்தல் குறி. முழுவதையும் சதுர அடைப்புக்குள் இட்டார்கள். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் எந்தக் கணினியிலும் கெடாது. எவரும் வாசித்து எழுத்தை மனத்தில் வரைந்துகொள்ளலாம். பிற்காலத்தில் அதற்குக் குறியெண் கிடைத்தவுடன், தேடிப்பிடித்து உரிய எழுத்தை அங்கே அமர்த்திவிடலாம். தங்களிடம் இல்லாததை இல்லை என்று சொல்லி, அது இன்னதென்பதையும் பிழையின்றிச் சொல்லிவைத்த அந்த நேர்மை, கணக்கில்லாத பொருளும் ஆள்பலமும் உடைய அலுவலகங்களுக்கு வாய்க்கவில்லை.

குறியெண் கிடைப்பது எளிதன்று என்பதும் உண்மையே. சீனம், ஜப்பான், கொரியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த நிபுணர்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் ஆதாரப் படம் கேட்டு, முன்பே உள்ள ஒன்றின் வேற்று வடிவம்தானா என்று ஒப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் ஆராய்கின்றனர். பேய் எழுத்துக்களின் கதையை அறிந்தவர்கள் அந்த எச்சரிக்கையைப் பழிக்க மாட்டார்கள். சியான் நகரத்துக் கடைகளில் பெயர்பெற்ற 'பியாங்' என்னும் நூடுல்ஸின் பெயரெழுத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட கீற்றுக்களை உடையது, 2020இல்தான் ஒருங்குறிக்குள் நுழைந்தது. ஆயினும் மனம் இருந்தால் விரைவும் கைகூடும். புதிதாகக் கண்டறியப்பட்ட தனிமங்களுக்குச் சீனம் 2017இல் பெயர் வகுத்தது. பட்டியலில் இல்லாதிருந்த எழுத்துக்கள் 2018இலேயே ஏறிவிட்டன. ஆட்பெயருக்கும் இடப்பெயருக்கும் அவசரமாகத் தேவை என்று சீனம் கேட்ட 622 எழுத்துக்கள், வழக்கமான நீண்ட வரிசையில் நிற்காமல் 2023 செப்டம்பரில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சீனத்தில் நடைமுறைக்கு வந்த புதிய தேசியத் தரநிர்ணயம் 87,887 எழுத்துக்களைக் கொண்டது. அரசாங்கப் பணிக்கும் பொதுச் சேவைக்கும் உரிய கணினிகள் அதன் மேல்நிலையை எட்டியாக வேண்டும் என்பது விதி. ஆகவே 'அந்த எழுத்துக்கு எண்ணே இல்லை' என்ற சமாதானம் பெரும்பாலோர் விஷயத்தில் காலாவதியாகிவிட்டது. எஞ்சி நிற்பவை பழைய தரவுத்தளங்களும், எழுத்துரு நிறுவாத யந்திரங்களும், 'இதுவரை இப்படித்தான் நடந்தது' என்னும் மனப்பான்மையுமே.

சீனர்களின் பெயர்களைப் பற்றி நமக்கென்ன என்று யாரேனும் கேட்பார்களானால், நம் வீட்டிலேயே சான்று உண்டு. முந்திரி, காணி, மா என்று நம் முன்னோர் நிலத்தையும் நெல்லையும் அளந்து ஓலையிலும் கல்லிலும் பொறித்த பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகளுக்கு 2019ஆம் ஆண்டில்தான் ஒருங்குறியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தும், உரிய எழுத்துருவைத் தேடி நிறுவாத கணினிகளில் அவை இன்றும் வெறுங்கட்டமாகவே நிற்கின்றன. பழைய நிலப் பத்திரத்தைப் பதிப்பிக்க முயலும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் படமாகவே ஒட்டுகிறார்கள். ஆயினும் நம் கட்டங்களுக்குள் மறைந்திருப்பவை கணக்குகள். அங்கே மறைந்திருப்பவை உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர்கள்.

ஒரு பொது அலுவலகம் புதிய கணினி ஏற்பாட்டைப் பணம் கொடுத்து வாங்கும்போது, தன் பழைய கையெழுத்துப் பதிவேட்டிலிருந்தே மிக அரிய பெயர்கள் சிலவற்றை எடுத்து, அவற்றை உள்ளிட்டு, சேமித்து, மறுநாள் மீட்டு, அட்டையில் அச்சிட்டு, அடுத்த அலுவலகத்துக்கும் அனுப்பிப் பார்த்து, ஐந்து படியிலும் எழுத்து மாறாமல் வந்தாலன்றிப் பணத்தைத் தரலாகாது. யந்திரத்தின் பொருட்டுப் பெயரை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் பழைய பெயரை மீண்டும் பெற விரும்பினால், அதற்கான மனுவுக்கும் புதிய அட்டைக்கும், பள்ளிச் சான்றிதழ் முதல் நிலப்பத்திரம் வரை திருத்துவதற்கும் ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும். அலைச்சலையும் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்கு எழுதித் தானே முடித்துக்கொள்ள வேண்டும்.